போகாட்டி அக்கா

அவரிடம் வண்டிச் சாவி கேட்டுப் போனால் சாவி வராது, கேள்விதான் வரும்.

"போகாட்டி என்ன?"

கோபமாகக் கேட்கமாட்டார். கடைக்காரர் "வேற என்ன வேணும்" என்று கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டுவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். போகாவிட்டால் என்ன நடக்கும் என்று நாங்கள் சொல்ல வேண்டும். சொன்னது சரியென்று பட்டால்தான் பாலை மரத்தில் அடித்திருந்த பலகையிலிருந்து சாவி இறங்கும். இல்லையென்றால் "போய் வேற வேலை பார்" என்று திருப்பி விடுவார். எனக்கு அப்போதும் பொறுமை கிடையாது, இப்போதும் கிடையாது. அந்த எரிச்சலில் நான்தான் அவருக்குப் போகாட்டி அக்கா என்று பெயர் வைத்தேன். வைத்த கையோடு முகாம் முழுக்கப் பரவிவிட்டது. யார் வைத்தது என்று அவருக்குத் தெரியும். ஒரு சொல் கேட்கவில்லை. அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் எங்களில் பாதிப் பேருக்கு அது யாரென்று விளங்காது.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. வன்னியில் உடையார்கட்டுக்கு உள்ளே, காட்டோரமாக, இயக்கத்துப் பெண்பிள்ளைகளின் வாகனப் பகுதி இருந்தது. லொறி, பிக்கப், உழவு இயந்திரம் என்று ஓடுகிறதும் ஓடாததுமாக மரங்களுக்குக் கீழே ஒளித்து நிறுத்தியிருப்போம். நாங்கள் சாரதிகள். எங்களுக்குப் பொறுப்பு அக்கா. அவருக்குப் பெரிய வயதும் இல்லை, என்னைவிட ஒரு மாரி கூடக் கண்டிருப்பார். முல்லைத்தீவுக் கரையில் பிறந்த வேதக்காரப் பிள்ளை. தகப்பன் வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். வண்டியில் ஏறினால் ஸ்டியரிங்கில் பெருவிரலால் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் எஞ்சினைத் தொடுவார்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு பிடிவாதம். தன் வண்டியில் ஏறிப் போனவள் திரும்பி வந்து தன் காலால் இறங்க வேண்டும். வண்டி திரும்புகிற நேரத்துக்கு வாசல் படலையில் போய் நிற்பார். சாமான் வந்ததா என்று கேட்கமாட்டார். "ஆக்கள் சரியோ?" என்பார். சரி என்றால்தான் அவருக்குத் தேத்தண்ணி இறங்கும்.

ஒருமுறை உப்பு முடிந்துவிட்டது. குசினியில் நின்றவள் என்னை அனுப்பினாள். புதுக்குடியிருப்புக்குப் போய் எடுத்துவர வேண்டும். பட்டப்பகல், வானத்தில் ஒரு முகில் இல்லை.

"போகாட்டி என்ன?"

"சோறு கறி உப்பில்லாமல் இருக்கும்."

"இருக்கட்டும். பின்னேரம் பிக்கப் எப்பிடியும் அங்கால போகுது. அதில வரும்."

"அக்கா, அங்க எல்லாரும் என்னைத் திண்டு போடுவினம்."

"உப்பில்லாமல் உன்னை எப்பிடித் தின்னுறது?"

அன்று மத்தியானம் உப்பில்லாத பருப்பைப் பிசைந்துகொண்டு எல்லோரும் என்னைத்தான் பேசினார்கள். அக்கா எனக்கு முன்னால் இருந்து தட்டை வழித்துச் சாப்பிட்டார். எனக்கு வந்த விசருக்கு அளவில்லை.

நித்திரை விஷயத்தில் இன்னும் மோசம். "நித்திரை கொண்டனியோ?" என்று கேட்டால் யார் இல்லை என்று சொல்வார்கள்? அதனால் அவர் கேட்பதில்லை. சட்டைப் பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்து நீட்டுவார். கோத்துக் கொடுத்தால் சாவி. நூல் ஊசிக்கண்ணைச் சுற்றிச் சுற்றிப் போனால் "போய்ப் படு" என்பார். ஒருநாள் நான் எச்சில் தொட்டு, வெளிச்சத்தில் பிடித்து, எப்படிப் பார்த்தும் கோக்க முடியாமல் ஊசியை எறிந்துவிட்டேன். "இந்த நாட்டில ஊசி வாங்கிறது லேசில்லை. தேடி எடுத்துத் தா" என்றார். மணலில் குந்தியிருந்து தேடத் தொடங்கினவள் அந்த இடத்திலேயே சரிந்து தூங்கிவிட்டேன். எழும்பியபோது என்மேல் ஒரு போர்வை கிடந்தது. வண்டியை வேறொருத்தி கொண்டு போயிருந்தாள்.

அப்போது வன்னியில் வண்டி ஓடினவர்களுக்கு ஒரு வியாதி இருந்தது. கண் றோட்டில் நிற்காது, வானத்துக்குப் போய்விடும். கிபிர் விமானம் வருகிறதா, ஆளில்லாத வேவு விமானம் சுற்றுகிறதா என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே ஓடுவோம். எஞ்சின் இரைச்சலில் மேலே வருவதன் சத்தம் காதில் விழாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் கீழே மாடு குறுக்கே நிற்கும். சைக்கிளில் விறகு கட்டிக்கொண்டு யாரோ ஒரு ஐயா போய்க்கொண்டிருப்பார். குண்டு பட்ட வண்டிகளைவிட, வானத்தைப் பார்த்து மரத்தில் மோதிய வண்டிகள்தான் எங்கள் வளவில் கூடுதலாகக் கிடந்தன. சொல்ல வெட்கம்தான். ஆனால் அதுதான் உண்மை.

அக்காவின் கூட்டாளி ஒருத்தி அப்படித்தான் போனாள். அவள் பிக்கப்பை ஓட, அக்கா பக்கத்தில் இருந்திருக்கிறார். வானத்தில் ஏதோ மினுங்கியிருக்கிறது. இரண்டு பேரும் ஒன்றாக அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். பிக்கப் மதகுக்குள் போய்விட்டது. இதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

"மேல பறந்தது கொக்கடி," என்றார். "கிபிர் எண்டாலும் மனம் ஆறும்."

அதற்குப் பிறகு அவர் போட்ட சட்டம் இது. ஓடுகிறவள் வானத்தைப் பார்க்கக் கூடாது. வானம் பார்க்கவென்று பின்னால் ஒருத்தி நிற்பாள். அவள் கூரையில் ஒரு தட்டுத் தட்டினால் வண்டியை மரத்தடிக்கு விட வேண்டும். இரண்டு தட்டினால் நிறுத்திவிட்டுக் குதிக்க வேண்டும். தட்டவில்லையென்றால் மேலே ஒன்றுமில்லை என்று நம்ப வேண்டும். "எங்கட அப்பா சுக்கான் பிடிச்சா மீன் துள்ளினாலும் திரும்ப மாட்டார். மீன் பாக்கிறதுக்கு முன்னுக்கு வேற ஆள் நிக்கும்" என்பார்.

என்னால் முடியவில்லை. அடுத்தவளின் கண்ணை நம்பி என் தலையைக் கொடுப்பதா? தட்டு விழாவிட்டாலும் எட்டி எட்டிப் பார்த்தேன். அக்கா சீமெந்துப் பையைக் கிழித்து, கஞ்சிப்பசை பூசி, முன் கண்ணாடியின் மேல் பாதியில் ஒட்டிவிட்டார். றோட்டு மட்டும்தான் தெரிந்தது.

"செக்கு மாட்டுக்குக் கண்ணைக் கட்டின மாதிரி இருக்கு," என்று சண்டைக்குப் போனேன்.

"செக்கு மாடு ஒருநாளும் மதகுக்க விழேல்ல."

உரித்து எறிந்தேன். மறுபடி ஒட்டினார். மறுபடி உரித்தேன். பசை காய்ச்சுவதற்கு அவருக்கு அலுக்கவில்லை. உரிக்க எனக்கு அலுத்துவிட்டது. கடைசியில் பழகிவிட்டேன். பழகின பிறகு பார்த்தால், தோள் நோகாமல் வண்டி ஓட முடிந்தது. பின்னால் நிற்பவள் எனக்காகப் பார்க்கிறாள் என்ற எண்ணமே ஒரு சுகமாக இருந்தது. பெற்ற தாயைக்கூட நான் அப்படி நம்பியதில்லை.

எரிபொருள் கதை வேறு. பெற்றோல் வன்னிக்குள் வருவதில்லை. பெற்றோலில் ஓட வேண்டிய எஞ்சின்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். குளிர்ந்து கிடக்கிற எஞ்சினை எழுப்ப மட்டும் சில துளி பெற்றோல் வேண்டும். அதைச் சேலைன் போத்தலில் பொன் மாதிரி வைத்திருப்போம். அதனாலேயே எந்தச் சாரதியும் வழியில் எஞ்சினை நிறுத்தமாட்டான். கண் சொருகினாலும் கை விறைத்தாலும் ஓடிக்கொண்டே இருப்பான். அப்படி ஓடித்தான் பல பேர் மரத்தில் போய் முட்டினார்கள். அக்கா மட்டும் எங்களை வழியில் நிறுத்தச் சொல்லுவார். எஞ்சினை நிறுத்தி, இறங்கி, பிளேன்ரீ என்கிற வெறும் தேத்தண்ணி குடித்து, முகம் கழுவி, பிறகு எடு என்பார். பெற்றோல் வீணாகிறதே என்றால், "பெற்றோல் போனாப் போகட்டும், நீ வந்து சேர்" என்பார். மேலிடத்தில் இதற்காகப் பேச்சும் வாங்கினார். வாங்கிக்கொண்டு வந்து, அடுத்த பயணத்துக்கும் வழியில் நிறுத்தி எடுக்கத் தேவையான பெற்றோலை ஊற்றித் தந்தார்.

ஒருநாள் சண்டைக்களத்திலிருந்து அணித் தலைவர் ஒருவர் வந்திருந்தார். ஊசி நூலையும் சீமெந்துப் பேப்பரையும் பார்த்து அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"சாகத் துணிஞ்சு வந்த பிள்ளையளுக்கு இவ்வளவு கவனிப்போ தங்கச்சி?"

"சாகத் துணிஞ்சுதான் வந்தவை அண்ணை," என்றார் அக்கா. "ஆனா மாட்டில மோதிச் சாகிறதுக்கு ஒருத்தியும் வரேல்ல."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். புறப்படும்போது அவருடைய சாரதிக்கும் ஊசி நீட்டப்பட்டது. நல்லவேளை, அவன் கோத்துவிட்டான்.

அந்த மாரியில் பக்கத்து முகாமில் புதிதாகப் பயிற்சி முடித்த பிள்ளைகள் இருந்தார்கள். குளத்துக்குக் குளிக்கவும் சாமான் இறக்கவும் எங்கள் லொறிதான் அவர்களை ஏற்றி இறக்கியது. அக்காவில் அவர்களுக்கு நல்ல வாரப்பாடு, ஒட்டிக்கொண்டே திரிவார்கள். லொறி புறப்படும்போது எல்லோருமாகச் சேர்ந்து "போகாட்டி என்ன?" என்று கத்துவார்கள். அக்கா கண்ணாடியில் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எடுப்பார். அவர்களில் கண்டாவளைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி. குடும்பம் மலைநாட்டிலிருந்து வந்து அங்கே குடியேறியது. வண்டி ஏறினால் அவளுக்குக் குடலைப் பிரட்டிச் சத்தி வரும். அவள் மணந்துகொண்டிருக்கவென்றே அக்கா மடியில் ஒரு எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய், வைத்திருப்பார்.

அடைமழை பெய்த ஒருநாள் மத்தியானம், எங்களுக்கு மேலே இருந்த பெண் பொறுப்பாளர் வந்தார். நான் லொறிக்குக் கீழே படுத்துக்கொண்டு ஏதோ முறுக்கிக்கொண்டிருந்தேன். பேசியதெல்லாம் கேட்டது.

"பின்னேரத்துக்குள்ள இந்தப் பிள்ளையள் எல்லாரையும் லைனுக்குக் கொண்டு போய் விடோணும்."

லைன் என்றால் சண்டை நடக்கும் காவலரண் வரிசை.

"போகாட்டி என்ன?" என்றார் அக்கா.

பொறுப்பாளர் சிரித்தார். "றோட்டு பரவாயில்லை. மழை மூட்டம், மேலால ஒண்டும் வராது. இதைவிட நல்ல நாள் கிடையாது."

"றோட்டைக் கேக்கேல்ல அக்கா. இந்தப் பிள்ளையள் அங்க போகாட்டி என்ன நடக்கும் எண்டு கேக்கிறன்."

 அந்தப் பொறுப்பாளர் கெட்டவர் இல்லை. அவருடைய சொந்தத் தம்பியும் லைனில்தான் நின்றான்.

"அது நீயும் நானும் கேக்கிற கேள்வி இல்லை," என்றார். "உன்ர வேலை வண்டி ஓடுறது."

 அக்கா பலகையிலிருந்து சாவியைத் தானே எடுத்தார். அன்று ஓட வேண்டியது நான்.

"நீ பின்னுக்கு நில். நான் ஓடுறன்," என்றார்.

நான் பிள்ளைகளோடு பின்னால் நின்றேன். வானம் என் பொறுப்பு. கரிச்சட்டியைக் கவிழ்த்ததுபோல இருந்த வானத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. அக்கா ஓடின மாதிரி அதற்கு முன்னும் பின்னும் ஒருவரும் லொறி ஓடி நான் காணவில்லை. பரந்தன் வீதியில் குழியில்லாத இடமே கிடையாது, எல்லாக் குழியிலும் தண்ணீர் வேறு. எது ஆழம் எது மேடு என்று அவருக்கு மனப்பாடம். ஒரு சில்லைக்கூடக் குழியில் விழவிடாமல் வளைத்து வளைத்துக் கொண்டு போனார். பிள்ளைகளுக்குப் பகிடி.

"அக்கா, இறங்கி நடந்தால் நாங்கள் முந்திப் போயிடுவம்."

"மெள்ளப் போனா என்ன? அங்க ஆர் உங்களுக்குச் சோறாக்கி வச்சுக்கொண்டு நிக்கினம்?" என்று முன்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

கண்டாவளைப் பிள்ளை வழக்கம்போலச் சத்தி எடுத்தாள். அக்கா அவளை முன்னுக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, தேசிக்காயைக் கையில் கொடுத்தார்.

பாதி வழியில் ஒரு மருத மரத்தின் கீழ் நிறுத்தினோம். எஞ்சினை நிறுத்தியாயிற்று, பிளேன்ரீ குடித்தாயிற்று. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார்கள். லொறி புறப்படவில்லை. நான் இறங்கி முன்பக்கம் போனேன். கண்டாவளைப் பிள்ளை அக்காவின் தோளில் தலையைச் சாய்த்து நல்ல நித்திரை. அக்கா ஸ்டியரிங்கில் கை வைத்தபடி இருந்தார்.

"எஞ்சின் ஆறுது அக்கா."

"ஆறட்டும்."

கொஞ்ச நேரம் நின்றேன். உடம்பெல்லாம் நனைந்தது.

"பெற்றோல் எடுக்கட்டோ?"

 அவர் அழவில்லை. அந்தப் பிள்ளை எழும்பிவிடக் கூடாதென்று மூச்சைக்கூட மெல்லத்தான் விட்டுக்கொண்டிருந்தார். லொறி பழுது என்று ஒரு சொல் சொன்னால் போதும். மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின் மழையில் படுப்பது புதினமா? ஒருவரும் சந்தேகப்பட்டிருக்கமாட்டார்கள். அவர் அதைத்தான் யோசிக்கிறார் என்பது எனக்கு அவருடைய கையைப் பார்க்கவே தெரிந்தது. ஒரு கை சாவியைப் பாதி இழுப்பதும் திரும்ப உள்ளே தள்ளுவதுமாக இருந்தது. ஆனால் அன்றைக்கு அனுப்பாவிட்டாலும் நாளைக்கு வேறு லொறி வரும், வேறு யாரோ குழியில் விழுத்தி விழுத்தி ஏற்றிப் போவார்கள். அல்லது வெறுமனே அவருக்குப் பொய் வரவில்லை. எதுவென்று நான் கேட்கவில்லை.

"எடு," என்றார்.

இருட்டுவதற்கு முன் போய்ச் சேர்ந்தோம். லொறியின் பின்கதவைத் திறந்துவிட்டு, அக்கா சேற்றில் நின்று கையை நீட்டினார். ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து இறக்கினார்.

"வழுக்குது, பாத்து இறங்கு," என்றார்.

அடுத்தவளுக்கும் அதையே சொன்னார். அதற்கடுத்தவளுக்கும் சொன்னார். கூட்டிப் போக வந்தவர் அவசரப்படுத்தினார். அக்கா காதில் போடவில்லை. எல்லோருக்கும் சொல்லி முடித்த பிறகுதான் அந்த இடத்தைவிட்டு அசைந்தார்.  அவர்கள் போகிற இடம் எங்கே, இவர் சொல்லுகிறது என்ன?

திரும்பி வரும்போது முன் சீற்றில் நான் இருந்தேன்.

"ஒரு கீறல் இல்லாமல் கொண்டு வந்து விட்டிட்டன், என்னடி?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா," என்றேன். 

அந்த மாரி முடிவதற்குள் வானொலியின் சாவு அறிவித்தலில் அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் வரத் தொடங்கின. எல்லோரும் இல்லை. நிறையப் பேர். கண்டாவளைப் பிள்ளையின் பெயர் வந்த அன்று அக்கா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடிந்ததும் வாகனப் பகுதி தனக்கு வேண்டாம் என்று போய்ச் சொன்னார். சமையலுக்கு விட்டார்கள். மரக்கறி வெட்டினார், விறகு கொத்தினார், வண்டிகள் நின்ற பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பலகைச் சாவிகளை என் பொறுப்பில் தந்தார்கள். பிறகு இயக்கத்திலிருந்து விலகி வீட்டுக்குப் போக அவருக்கு அனுமதி வந்தது.

புறப்படுகிற அன்று, "கண்டாவளைக்கு ஒருக்காப் போயிட்டுப் போறன். கூட வாறியோ?" என்று கேட்டார்.

இரண்டு சைக்கிளில் போனோம். வெயில் நேரம். வயல்கரையோரம் மண்வீடு. தாய் களை பிடுங்கிவிட்டு அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். சுவரில் பிள்ளையின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அக்கா வாசலில் நின்றபடியே சொன்னார்.

"அம்மா, மகளை லொறியில ஏத்திக்கொண்டு போய் விட்டது நான்தான்."

திட்டுவார், கலைப்பார் என்று நினைத்து நான் சைக்கிளை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா பாயை விரித்தார். தேத்தண்ணி வைத்துத் தந்தார். எங்களுக்கு முன்னால் இருந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"வண்டியில ஏறுனா அவளுக்கு வாந்தி வருமே. அன்னைக்கும் வந்திச்சா?"

"முதல் வந்தது அம்மா. பிறகு தேசிக்காயை மணந்துகொண்டு என்ர தோளில நித்திரையாப் போயிட்டா."

"தூங்குனாளா?" அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. "பயப்படலயே?"

"இல்லையம்மா. நான் மெள்ளத்தான் ஓடினனான். ஒரு குழியிலயும் விழ விடேல்ல. மகளின்ர உடம்பில ஒரு கீறல் படாமல்தான் கொண்டு போய் இறக்கினனான்."

இதைச் சொல்லத்தான் அவர் அவ்வளவு தூரம் வந்தார் என்று அப்போது எனக்கு விளங்கியது. அந்தத் தாய்க்குக் கொடுப்பதற்கு அவரிடம் அது ஒன்றுதான் இருந்தது.

அந்த அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு படத்தைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"ஏம்மா, கொஞ்சம் கவனமில்லாம ஓட்டியிருக்கக் கூடாதா? ஒரு கையோ காலோ ஒடைஞ்சிருந்தா எம்புள்ள வீட்டுக்கு வந்திருப்பாளே."

அக்கா தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"ஓம் அம்மா," என்றார். "அப்பிடித்தான் ஓடியிருக்கோணும்."